நான் கொடுத்த வாக்கும் ஒரு மைனாக் கூடும்

கொரோனர் அலுவலகத்தில் வேலை என்று சொன்னதுமே பக்கத்துக் கதிரையில் இருப்பவர் கொஞ்சம் தள்ளி உட்காருவார். உங்களுக்கும் இது சீக்கிரம் பழகிவிடும். எண்பதுகளில் ஆக்லாந்துத் தமிழர்கள் மண்டபம் எடுத்துக் கொண்டாடிய பொங்கல் விருந்துகளில் எனக்கு இரண்டு பக்கமும் தாராளமாக இடம் கிடைக்கும். என் கணவர் ஒரு கதிரையில் தானும் மற்றதில் தன் வடைத் தட்டுமாகச் சந்தோஷமாக உட்கார்ந்திருப்பார்.

இந்த வேலையில் நீங்கள் நான்கு பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்றும், நான்கு பேருமே தமிழ் வாசிப்பீர்கள் என்றும் கேள்விப்பட்டேன். என் காலத்தில் நான் ஒருத்திதான். படிவங்களை எப்படி நிரப்புவது என்று அலுவலகம் சொல்லித் தரும். நான் சொல்ல நினைப்பது ஒரு சனிக்கிழமையைப் பற்றி. அன்று நான் பெரிய பிழை ஒன்று விட்டேன். அதே நாளில் ஒரு நல்ல காரியமும் செய்தேன். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: நான் தமிழச்சி.

ஊரில் திடீர் மரண விசாரணை அதிகாரி என்போமே, அவர்தான் இங்கே கொரோனர். ஒருவர் எதனால் இறந்தார் என்று எந்த வைத்தியராலும் கையெழுத்திட முடியாவிட்டால் அந்த மரணம் அவரிடம் வரும். இறந்தவர் யார், எப்போது இறந்தார், எங்கே, எப்படி என்று கண்டுபிடிப்பது அவர் கடமை. யார் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலையல்ல. பிரேதப் பரிசோதனை தேவையா, உடலை எப்போது குடும்பத்திடம் கொடுப்பது என்பதெல்லாம் அவர் முடிவு. நான் அவருடைய குமாஸ்தா. அவர் சொல்வதைத் தட்டச்சு செய்வேன். தொலைபேசியில் அழுகிறவர்களோடு கதைப்பேன். அவர் தினமும் பாதி தின்று மறந்துவிடும் சான்ட்விச்சைத் தேடிப்பிடித்து எறிவேன். ஒருமுறை அது ஒரு கோப்புக்குள் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை நல்ல குளிர்காலம். காலை எட்டு மணிக்கு எங்கள் பொலிஸ்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார். திடீர் மரணங்களைப் பார்ப்பதற்கென்றே ஒதுக்கப்பட்டவர். ஆறடிக்கு மேல் உயரம், செம்பட்டைத் தலை, எந்த வீட்டுக்குள்ளும் குனிந்துதான் நுழைவார்.

"மவுண்ட் ரோஸ்கிலில் ஒரு வயதானவர். உன் மொழி பேசுகிறார்கள் என்று நினைக்கிறேன். வருகிறாயா?"

போனேன். இறந்தவர் பெயர் பெருமாள். மலேசியாவில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் சிவா இங்கே பள்ளி ஆசிரியர். மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று ஈப்போவிலிருந்து வந்திருந்தார். காலையில் குளித்து, திருநீறு பூசி, குளியலறையை ஒட்டியிருந்த தன் சின்ன அறையில் கட்டிலில் சாய்ந்திருக்கிறார். தேநீர் கொண்டுபோன மருமகள் மலர் எழுப்பிப் பார்த்தபோது அவர் எழும்பவில்லை. வார இறுதியில் கூப்பிட்டால் வருகிற வைத்தியர் வந்து மரணத்தை உறுதி செய்தார். ஆனால் அவரை முன்பின் பார்த்ததில்லை என்பதால் காரணத்தை எழுத மறுத்துவிட்டார். அப்படித்தான் விஷயம் எங்களிடம் வந்தது.

என் நெற்றிப் பொட்டைக் கண்டதும் மலருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வாக்கியத்துக்கு ஒரு 'லா' போடுகிற மலேசியத் தமிழ் அவளுடையது.

"தமிழ் ஆளா நீங்க? நல்லதாப் போச்சு லா. இந்த போலீஸ்காரர் என்னென்னமோ கேக்கறாரு, எனக்கு ஒண்ணுமே மண்டையில ஏறல. தலை வேற வெடிக்குது. இந்த வாரம் பூரா எல்லாருக்கும் ஃபுளூ."

சின்ன மகள் சோபாவில் சுருண்டு கிடந்தாள். மூத்தவன் ஜன்னலோரம் முகம் வெளிறி நின்றான். தாத்தா போன துக்கம் என்று நினைத்துக்கொண்டேன். பொலிஸ்காரர் கேட்டதையெல்லாம் மொழிபெயர்த்துக் குறித்துக்கொண்டேன். யாரும் கேட்காததை நான் குறிக்கவில்லை.

உடலை எடுத்துப் போக வண்டி வந்தபோது சிவா என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். அப்பாவ அறுப்பாங்களா? ஈப்போவுலேருந்து என் அக்கா வந்துகிட்டு இருக்காங்க. அப்பாவ அப்படிப் பாத்தா அவங்க தாங்க மாட்டாங்க."

எனக்கு என் தகப்பனின் நினைப்பு வந்தது. வாய் முந்திக்கொண்டது.

"பயப்படாதேங்கோ தம்பி. அப்பாவை வெட்ட விடமாட்டன். நான் பாத்துக்கொள்ளுறன்."

இதுதான் அந்தப் பிழை. அந்த நேரத்தில் அது பிழையாகத் தெரியவில்லை, ஏதோ புண்ணியம் செய்கிற மாதிரி இருந்தது. சிவா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ஆனால் அந்த வாக்கு என்னுடையதல்ல. கொரோனருக்கு உரிய முடிவை, அவரைக் கேளாமலே, நான் ஒரு நடை வாசலில் நின்று கொடுத்துவிட்டேன்.

கொடுத்த வாக்கைக் காப்பாற்ற ஒரு வழி இருந்தது. பெருமாள் இரண்டு நாள் முந்தி, வியாழக்கிழமை, பக்கத்தில் த்ரீ கிங்ஸ் பகுதியில் ஒரு வைத்தியரிடம் போயிருந்தார். அவர் காரணத்தை அறிந்து கையெழுத்துப் போட்டால் பரிசோதனைக்கே தேவையில்லை. பொலிஸ்காரர் உடலோடு போக, நான் என் பழைய காரில் அந்த வைத்தியரைத் தேடிக் கிளம்பினேன். அவருடைய மனைவி, அவர் ரக்பி மைதானத்தில் இருக்கிறார் என்றார்.

"விளையாடுகிறாரா?"

"இல்லை, நடுவர். விசில் ஊதிக்கொண்டு ஓடுகிற மொட்டைத் தலை."

மைதானம் முழுக்கச் சேறு. முப்பது பேர் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கிடக்க, நடுவில் மொட்டைத் தலை மின்னியது. ஆட்டம் நிற்கிற மாதிரித் தெரியவில்லை. பந்து வெளியே போன ஒரு கணத்தில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்துவிட்டேன். அந்தக் காலத்தில், நிறவெறி நாட்டு அணியோடு ஆடக் கூடாது என்று ரக்பி மைதானங்களுக்குள் ஓடி ஆர்ப்பாட்டம் செய்தவர்கள் உண்டு. என்னையும் அப்படி நினைத்து இரண்டு தடியர்கள் பிடிக்க ஓடி வந்தார்கள்.

"ஆர்ப்பாட்டம் இல்லை, கொரோனர் அலுவலகம்!" என்று கத்தினேன்.

அவர்கள் அப்படியே நின்றார்கள். ஒருவன் கீழே கிடந்த தன் கூட்டாளியைப் பயத்தோடு திரும்பிப் பார்த்தான்.

வைத்தியர் என்னைக் கோட்டுக்கு வெளியே அழைத்துப்போய் முழுவதையும் கேட்டார். பிறகு முகத்திலிருந்த சேற்றைத் துடைத்தார்.

"நல்ல மனிதர். என்னிடம் ரயில் எஞ்சின்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு இரத்த அழுத்தம் சரி. இதயமும் சரி. தலைவலி, தலைச்சுற்றல் என்று வந்தார். குளிருக்கு வந்த காய்ச்சலாக இருக்கும் என்று அனுப்பினேன். இந்த மனிதர் சாவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியாது. தெரியாததில் நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது?"

நான் கெஞ்சினேன். குடும்பம், மதம், ஈப்போவிலிருந்து வருகிற மகள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு மறுபடியும் முடியாது என்றார். அன்றைக்கு அவர்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

விளையாட்டுக் கழகத்தின் தொலைபேசியிலிருந்து கொரோனரின் வீட்டுக்கு அழைத்தேன். தோட்டத்தில் ரோஜாச் செடி வெட்டிக்கொண்டிருந்தவர் வந்து எடுத்தார். நான் கொடுத்த வாக்கை முதலில் சொல்லவில்லை. வைத்தியர் சொன்னதை மட்டும் ஒப்பித்தேன்.

"தலைவலி," என்றார் அவர். "வீட்டில் வேறு யாருக்காவது சுகமில்லையா?"

வெடிக்கிற தலையோடு நின்ற மலர், சோபாவில் கிடந்த சின்னவள், வெளிறிப்போன பையன். எல்லாவற்றையும் என் கண்ணால் பார்த்திருந்தேன். என் குறிப்பில் ஒரு வரிகூட இல்லை.

"எல்லாருக்கும். ஒரு வாரமாக."

"வீட்டில் வெந்நீர் எப்படி வருகிறது?"

குளியலறைச் சுவரில் காஸில் எரிகிற பழைய வெந்நீர்ப் பெட்டி ஒன்று இருந்ததைச் சொன்னேன். குழாயைத் திறந்தால் 'புஸ்' என்று பற்றிக்கொள்ளும் வகை. அதன் புகைக்குழாய் அடைபட்டிருந்தால் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு வீட்டுக்குள்ளேயே தங்கும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை; ஃபுளூ போலத் தலைவலியில் தொடங்கி ஆளையே கொன்றுவிடும். கொரோனர் இதை விளக்கி, "இது வெறும் ஊகம். பரிசோதனை செய்தால்தான் தெரியும். உத்தரவு போடுகிறேன். திங்கட்கிழமை விடை கிடைக்கும்," என்றார்.

திங்கட்கிழமை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்றரை. அப்போதுதான் அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்தது.

"ஐயா, இப்போது அந்த வீட்டில் எல்லாரும் குளிப்பார்கள்."

"என்ன?"

"சவத்தை வெளியே எடுத்த பிறகு வீட்டில் உள்ளவர்கள் எல்லாரும் தலைமுழுகுவார்கள். துக்கம் கேட்க வந்த சொந்தக்காரர்களும் குளிப்பார்கள். ஒருவர் பின் ஒருவராக. குளிர் என்று ஜன்னலையெல்லாம் மூடியிருக்கிறார்கள். அந்தப் பெட்டி இன்றைக்கு நிற்காமல் எரியப் போகிறது."

"என் அதிகாரம் இறந்தவர்கள்மேல்தான்," என்றார் அவர். "உயிரோடு இருப்பவர்களை வீட்டைவிட்டு வெளியே போகச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. உனக்கும் கிடையாது. ஆனால் ஒரு வீட்டின் கதவைத் தட்ட யாருக்கும் உரிமை உண்டு. நான் காஸ்காரர்களைக் கூப்பிடுகிறேன். நீ போ."

முதலில் சிவாவின் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்துப் பார்த்தேன். மலேசியாவோடு கதைத்துக்கொண்டிருந்தார்கள் போலும், இணைப்பு கிடைக்கவேயில்லை. காரில் ஏறினேன். வழி முழுக்க ஒரே யோசனை. ஊகம் பிழையாக இருந்தால்? சாவு விழுந்த வீட்டில், மழையில், எல்லோரையும் தெருவில் நிறுத்தியவள் என்று ஆயுளுக்கும் சொல்வார்கள். சரியாக இருந்து நான் பேசாமல் இருந்தால்? வெட்கப்படுவது பரவாயில்லை என்று முடிவெடுக்க எனக்கு மூன்று சிக்னல் விளக்குகள் பிடித்தன.

வீட்டு வாசலில் கார்கள் வரிசையாக நின்றன. ஜன்னல் கண்ணாடிகள் எல்லாம் ஆவி படிந்து வெள்ளையாக இருந்தன. கதவைத் திறந்த மலரின் தலைமயிர் ஈரமாக இருந்தது.

"எல்லாரையும் வெளியில வரச் சொல்லுங்கோ. இப்பவே. பிள்ளையளைத் தூக்குங்கோ. கதவு ஜன்னல் எல்லாம் திறவுங்கோ."

"என்னக்கா சொல்றீங்க? வெளிய மழை பெய்யுது."

சிவா வந்தார். ஒரே மூச்சில் சொன்னேன். வெந்நீர்ப் பெட்டியில் சந்தேகம், அப்பாவைக் கொன்றது அதுவாக இருக்கலாம், வைத்தியர் கையெழுத்துப் போடவில்லை, பரிசோதனை நடக்கும்.

அவருக்குக் கடைசிச் சொல் மட்டும்தான் காதில் விழுந்தது.

"நீங்கதானே சொன்னீங்க, அறுக்க விடமாட்டேன்னு? நம்பி ஈப்போவுக்கு போன் போட்டுச் சொல்லிட்டேன். இப்ப வந்து இப்படிப் பேசுறீங்களே!"

எனக்குச் சொல்வதற்குச் சாக்குகள் நிறைய இருந்தன. ஒன்றையும் எடுக்கவில்லை.

"நான் அப்பிடிச் சொன்னது பிழை, தம்பி. அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. என்னை எவ்வளவு ஏசினாலும் கேக்கிறன். ஆனா வெளியில வந்து ஏசுங்கோ."

அந்த வார்த்தைக்காகத்தான் வந்தாரோ, சின்ன மகளின் முகத்தைப் பார்த்து வந்தாரோ தெரியாது. சிவா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். அவர் பின்னால் மற்றவர்களும் முணுமுணுத்துக்கொண்டே புல்தரைக்கு வந்தார்கள். தலையை எண்ணிப் பார்த்த மலர், "ஐயோ, மாமா குளிக்கிறாரு!" என்றாள்.

மாமா என்பது மலரின் தாய்மாமன், பென்ரோஸில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர். நான் குளியலறைக் கதவைத் தட்டினேன்.

"யாரு? ஆள் இருக்கு!"

"கொரோனர் ஒஃபீஸ். வெளியில வாங்கோ!"

"நான் இன்னும் சாகல லா! சோப்பு போட்டுகிட்டு இருக்கேன்!"

"அதுக்கு முன்னம் வாங்கோ எண்டுதான் சொல்லுறன்!"

சிவா ஓடி வந்து கதவில் ஓங்கி ஒரு அடி அடித்தார். துவாலையைக் கட்டிக்கொண்டு, தலையில் நுரையோடு, என்னை முறைத்தபடி மாமா வந்தார். வாசற்படி வரைக்கும் திட்டிக்கொண்டே நடந்தார். புல்தரையில் கால் வைத்தவர் அப்படியே மடங்கி உட்கார்ந்து வாந்தி எடுத்தார். அதற்குப் பிறகு யாரும் மழையைப் பற்றி முறைப்பாடு சொல்லவில்லை.

அடுத்த வீட்டில் இருந்தவர் ஒரு சமோவா அம்மா. சத்தம் கேட்டு வந்தவர், துவாலையோடு உட்கார்ந்திருந்த மாமாவையும் நனைந்த எங்களையும் பார்த்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மாமாவை ஒரு போர்வையால் குழந்தையைச் சுற்றுவது போலச் சுற்றி, எல்லோரையும் தன் வீட்டுக்குள் ஓட்டிக்கொண்டு போனார். அம்புலன்ஸ் வந்து மாமாவையும் பிள்ளைகளையும் மலரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. அன்று மாலையே நால்வரும் தேறிவிட்டார்கள்.

காஸ்காரர் கூரையில் ஏறிப் புகைக்குழாய்க்குள் கைவிட்டு இழுத்தார். வைக்கோல், பிளாஸ்டிக் நாடா, சிகரெட் பெட்டித் தாள், இறகு என்று ஒரு வாளி நிறைய வந்தது. மைனாக் கூடு. ஆக்லாந்து மைனாக்களும் நம்மைப் போல வெளியிலிருந்து வந்து குடியேறியவைதான். நல்ல கதகதப்பான இடமாகப் பார்த்து வீடு கட்டியிருக்கின்றன.

ஆனாலும் பரிசோதனை நடந்தாக வேண்டும். சிவா அதற்குள் தணிந்திருந்தார். ஒன்று மட்டும் கேட்டார்: அப்பா அங்கே தனியாக இருக்கக் கூடாது. இந்த முறை நான் வாக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. "நீங்கள் கேட்டதைக் கொரோனரிடம் அப்படியே சொல்லுறன், பதிலைக் கொண்டு வாறன்," என்றேன். கொரோனர் சம்மதித்தார். திங்கட்கிழமை காலை சவச்சாலை நடையில் ஒரு நீள வாங்கில், பெஞ்சில், சிவாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். அவர் தேவாரம் பாடினார். இரண்டாவது வரி மறந்து என்னைப் பார்த்தார். நான் எடுத்துக் கொடுத்தேன். கதவைத் திறந்து வெளியே வந்த நோயியல் வைத்தியர் பாட்டு முடியும்வரை நின்றுவிட்டுத்தான் பேசினார். இரத்தத்தில் கார்பன் மொனொக்சைட் இருந்தது. வலி தெரியாமல் தூக்கம் போலப் போயிருப்பார் என்றார். அதைக் கேட்டுத்தான் சிவா முதல் தடவையாக வாய்விட்டு அழுதார்.

அன்றைக்கே உடலைக் கொடுத்தோம். ஈப்போ அக்கா தகப்பனின் முகத்தைப் பார்த்தார். தைத்த இடம் எதுவும் கண்ணில் படாதபடி வேட்டியும் சால்வையும் சாத்தியிருந்தது. கொரோனரிடம் என் வாக்கைப் பற்றி அப்போதுதான் சொன்னேன். "இனிமேல் உன் சம்பளத்தை மட்டும் எடு, என் வேலையை எடுக்காதே," என்றார். அவ்வளவுதான் திட்டு. நீங்களும் இதை நினைவில் வையுங்கள். கேட்டதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பேன், பதிலைக் கொண்டு வருவேன் என்பதற்கு மேல் நம்மால் ஒரு குடும்பத்துக்கு வாக்குக் கொடுக்க முடியாது. உங்கள் மொழி பேசுகிற குடும்பமாக இருந்தால் இன்னும் கவனம். நாக்கு அங்கேதான் அதிகம் வழுக்கும். அதே குடும்பத்தில்தான் மற்றவர்கள் பார்க்க முடியாததை நீங்கள் பார்ப்பீர்கள். பார்த்ததைக் குறித்து வையுங்கள், யாரும் கேட்காவிட்டாலும்.

அந்தத் தெருவில் ஒரே மாதிரி வீடுகள் பல, ஒரே மாதிரி வெந்நீர்ப் பெட்டிகள். கொரோனர் வீட்டுச் சொந்தக்காரர்களுக்குக் கடிதம் எழுதச் சொன்னார். தட்டச்சு செய்து முடித்ததும், "கடிதம் போய்ச் சேர நாளாகுமே," என்றேன். "கடிதம் கோப்புக்கு. கதவுகளுக்கு நீ," என்றார். புதன்கிழமை, நானும் செம்பட்டைத் தலைப் பொலிஸ்காரரும் காஸ்காரரும் வீடு வீடாகப் போனோம். ஏழாவது வீட்டில், தனியே வசிக்கும் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி கதவைக் கொஞ்சமாகத் திறந்தார்.

"எனக்குத் துடைப்பமும் வேண்டாம், பைபிளும் வேண்டாம். விற்க வேறு வீடு பாருங்கள்."

பொலிஸ்காரர் தொப்பியைக் காட்டியபிறகு உள்ளே விட்டார். சப்பாத்தைக் கழற்ற வைத்தார். காஸ்காரரின் கை புகைக்குழாய்க்குள் போனது, ஒரு பெரிய கூட்டோடு வெளியே வந்தது. முந்தின வாரம் முழுக்கத் தனக்குத் தலைச்சுற்றாம், வயதாகிவிட்டது என்று நினைத்தாராம். நாங்கள் சொன்னதில் பாதியைத்தான் அவர் நம்பினார்.

சில வாரங்கள் கழித்து விசாரணை நடந்தது. அரை மணி நேரம். யாரையும் குற்றம் சொல்லாமல், நடந்ததைக் கொரோனர் வாசித்தார். சிவாவும் மலரும் மாமாவும் முன்வரிசையில் இருந்தார்கள். மாமா போகும்போது, "அடுத்த தடவை குளிக்கிறப்ப உங்களுக்குச் சொல்லிட்டே குளிக்கிறேன் லா," என்றார்.

அந்த வாரத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. நடுங்கும் கையெழுத்தில் நான்கு பக்கம். ஏழாவது வீட்டுப் பாட்டி. உங்கள் ஆட்கள் வந்துபோனதிலிருந்து என் கம்பளத்தில் இறகும் வைக்கோலும், எத்தனை முறை பெருக்கியும் போகவில்லை, அரசாங்க அலுவலகம் என்றால் இப்படித்தானா, அந்த உயரமான பொலிஸ்காரரின் காலுறையில் ஓட்டை வேறு.

கொரோனர் அதை இரண்டு முறை வாசித்தார். பிறகு என்னிடம் நீட்டி, "என்ன பதில் போடலாம்?" என்று கேட்டார்.

பாட்டியிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு நல்ல பதில் எழுதினேன். அவருடைய கடிதத்தை முறைப்பாட்டுக் கோப்பில் போட மனம் வரவில்லை. இருபத்தைந்து வருடம் என் மேசை இழுப்பறையிலேயே வைத்திருந்தேன். எங்கள் அலுவலகத்துக்கு வந்த கடிதங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். திட்டி எழுத அவர் உயிரோடு இருந்தார்.